சலாலா வரை ஒரு சந்தேகம்

'திங்கள். காலையிலிருந்து தூறல். ஐஸ் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். ஐஸ் இல்லாமல் திரும்பினார். போகும்போது போட்டிருந்தது அயர்ன் செய்த முழுக்கைச் சட்டை.'

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மாதம் ஆகஸ்ட். மகள் நஸ்ரின் பதினொன்றாம் வகுப்பில் இருந்த ஆண்டு. என் கணவர் ஜமால் அது செவ்வாய்க்கிழமை என்று இன்னும் சாதிக்கிறார். திங்கள்தான். முதல் நாள் மாலை ஊரிலிருந்து என் தங்கை வழக்கமான ஞாயிற்றுக்கிழமை அழைப்பைப் போட்டாள். மலையில் சிக்னல் நிற்காமல் பேச்சு அறுந்து அறுந்து போனது. எனவே மறுநாள் திங்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இடம், ஓமானின் தெற்கே சலாலா நகரத்துக்கு மேலே உள்ள இத்தீன் மலைச்சரிவு. வளைகுடா முழுக்க வெயில் கொதிக்கும் மாதங்களில் அங்கே மட்டும் மழைமேகம் வந்து மலைமேல் படுத்துக்கொள்ளும். கரீஃப் என்பார்கள். குவைத்திலிருந்தும் ரியாத்திலிருந்தும் கூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பச்சைப் புல்மேல் கம்பளம் விரித்து, ஜெனரேட்டர் வைத்து, அரண்மனை போல் கூடாரம் போட்ட அரபுக் குடும்பங்களுக்கு நடுவில் எங்கள் கூடாரம் யாரோ மறந்துவிட்டுப் போன குடை மாதிரி இருந்தது. ஷார்ஜாவில் யாரோ பயன்படுத்தி விற்ற நீலக் கூடாரம். ஒரு பக்கம் ஜிப் மூடாது.

வண்டியின் பின் ஜன்னல் கொக்கியில் அந்தச் சட்டை ஷார்ஜாவிலிருந்து லாண்டரிக் கடைப் பிளாஸ்டிக் உறையோடு தொங்கிக்கொண்டே வந்திருந்தது. ஜமால் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, வண்டிக் கண்ணாடியில் தலை சீவினார்.

"வாப்பா, கேம்பிங்குக்கு யாராச்சும் அயர்ன் பண்ண ஷர்ட் கொண்டு வருவாங்களா? ஸோ வியர்ட்," என்றாள் நஸ்ரின்.

"ஐஸ் கடைக்காரன் மதிக்க வேணாமா?"

"அப்ப டை எங்க வாப்பா?" என்றான் ஆறாவது படிக்கும் ஆஷிக்.

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு என்றால் புரியும். ஆனால் திங்கட்கிழமை என்ன ஜும்ஆ?

கனடாவிலிருந்து வந்த படங்கள்

இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

ஜமாலின் காக்கா, அதாவது அண்ணன், கனடாவில் குடியேறி வெகு காலம் ஆகிறது. அந்தக் கோடையில் அவர் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு அந்த நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை கூடாரம் போட்டுத் தங்கித் தங்கிப் போனார். தினமும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்குப் படம் வரும். கண்ணாடி போன்ற ஏரி. ஊசியிலை மரங்கள். கரடி ஜாக்கிரதை என்ற பலகை. தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, சின்ன அடுப்பில் தோசை வார்க்கும் எங்கள் மச்சி, அதாவது காக்காவின் மனைவி.

கூடவே காக்காவின் குரல் செய்தியும் வரும். "தம்பி, ஒரே மாநிலம்டா. முந்தாநாளு நுழைஞ்சோம், இன்னும் முடியல. இன்னும் மரமாத்தான் வருது."

ஜமால் இதையெல்லாம் பார்த்து ஆசைப்படும் மனிதர் அல்லர். துபாய் தேராவில், கடலோடை ஓரமாக ஒரு மசாலா வியாபாரியின் அலுவலகத்தில் கிளியரிங் வேலை. கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கிடங்கில் சேர்க்க வேண்டும். மிளகு மூட்டைக்கும் ஏலக்காய்ப் பெட்டிக்கும் நடுவில் அவர் போன் ஓயாமல் அடிக்கும். அவருக்கு லீவு என்றால் ஊர். வெள்ளிக்கிழமை என்றால் தூக்கம். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் எங்களை ஆகக் கடைசியாக அவர் கூட்டிப்போன சுற்றுலா, அல் ஐன் மிருகக்காட்சி சாலை. அப்போது ஆஷிக் நடக்கப் பழகவில்லை.

அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நாமளும் போவோம். டென்ட் போட்டு," என்றார்.

"எங்க?"

"சலாலா."

"மச்சான், அதுக்கு பிளைட்டு இருக்கே."

"ரோட்டுல போனாத்தான் தெரியும்."

"என்ன தெரியும்?"

அவர் மீன் முள்ளை எடுப்பதில் மிகுந்த கவனம் காட்டினார்.

நான் கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவள். பழைய காலத்துப் பயணிகளின் குறிப்புகள் என்றால் விடவே மாட்டேன். அவர்களில் பாதிப் பேர் தாங்கள் கிளம்பிய காரணத்தை முதல் பக்கத்தில் சொல்வதில்லை. புனித யாத்திரை என்பார்கள், அரசர் அழைத்தார் என்பார்கள். நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில், ஒட்டகத்துக்கு நோய் வந்ததைப் பற்றிப் பேசும்போது, உண்மைக் காரணம் தானாக எட்டிப் பார்க்கும். அந்தப் பக்கத்துக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

வாஷிங் மெஷின்

என் சந்தேகம் என்னவென்று வளைகுடாவில் குடும்பத்தோடு இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இங்கே ஒரு குடும்பத்தலைவன், வாடகையும் பள்ளிக் கட்டணமும் தாங்காமலோ, வேலை ஆட்டம் கண்டோ, மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பேச்சுலர் ரூமுக்கு மாறுவது என்று முடிவு செய்தால், அதை முதலில் வீட்டில் சொல்ல மாட்டான். சுற்றிக் காட்டுவான். இத்தனை காலம் எட்டிப் பார்க்காத உயர்ந்த கட்டடத்துக்கு டிக்கெட் எடுப்பான். பாலைவன சஃபாரிக்குக் கூட்டிப்போவான். ஓயாமல் படம் எடுப்பான். பிள்ளைகள் குதிக்கும். அடுத்த மாதம் கார்கோ அட்டைப்பெட்டிகள் வரும்.

சில வாரங்களுக்கு முன்பு இந்தத் தொடரில், ஷார்ஜா ரோலாவில் நாங்கள் குடியேறிய கட்டடத்தைப் பற்றி எழுதினேன். அந்தக் கட்டடத்தில் மட்டும் என் கண்முன்னே மூன்று குடும்பங்கள் இப்படிப் போயிருக்கின்றன. ஒரு வீட்டுக்காரர் குடும்பத்தோடு படகில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து, படகிலிருந்து இறங்கும்போதுதான் மனைவியிடம் சொன்னாராம். அந்த அம்மா என்னிடம், "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. அதான் டவுட்டு வரல," என்றார்.

ஆகவே நாங்கள் கூடாரத்தை வண்டியில் ஏற்றியபோது மூன்றாம் மாடி பரீதா லாத்தா, எங்கள் வழக்கில் அக்கா, இறங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "நூரு, தப்பா நினைக்காத. வாஷிங் மெஷினை வேற யாருக்கும் சொல்லிடாத. எனக்கு வேணும்," என்று சொன்னபோது எனக்கு அந்த மூன்று குடும்பங்களும் நினைவுக்கு வந்தன.

"லாத்தா, நாங்க கேம்பிங் போறோம்."

"போயிட்டு வாங்க. நான் என்ன வேணாம்னா சொன்னேன்? மெஷினுக்கு நாலு வருஷம்தானே ஆச்சு?"

நஸ்ரினுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு பாக்கி. ஊரில் போய் எந்தப் பள்ளியில், நடு வருடத்தில், எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது? ஆஷிக்குக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நானும் இங்கே ஒரு இந்தியப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. என் வேலை, என் வகுப்பு, என் அலமாரி நிறையப் புத்தகங்கள். அதையெல்லாம்விடப் பெரியது, நாங்கள் நால்வரும் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பது. அது போய்விடும் என்று பயந்துகொண்டே வண்டியில் ஏறினேன். கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் போல் இருந்தது.

கூடாரம் நிற்காத ஊர்

அல் ஐனைத் தாண்டி எல்லையில், நான்கு பாஸ்போர்ட்டையும் அவரே எடுத்துக்கொண்டு, "நீங்க ஏசில இருங்க," என்று போனார். வழக்கமாக இப்படிப்பட்ட கவுண்டர்களில் அவர் என்னைத்தான் முன்னால் தள்ளுவார். பெண்கள் வரிசை சீக்கிரம் நகரும். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அங்கிருந்த ஆளிடம் ஏதோ விசாரித்துக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று. போன் அடிக்கவில்லை. ஓமானுக்குள் நுழைந்து வெகு தூரம் போயும் தேராவிலிருந்து ஒரு அழைப்பில்லை. ஒரே ஒருமுறை, பெட்ரோல் பங்க்கில், வண்டிக்குப் பின்னால் போய் நின்று பேசினார். காற்றில் எனக்குக் கிடைத்தது, "அச்சா பாய்... நஹி, ஃபேமிலி சாத் மே ஹை... கலாஸ்." குடும்பம் கூட இருக்கிறது, அவ்வளவுதான் என்று யாருக்கு, எதற்காகச் சொல்ல வேண்டும்?

நடுப் பாலைவனத்தில் ஹைமா என்றொரு சின்ன ஊர். அதற்கு முன்னும் பின்னும் சாலை, கோலை வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஒரு வளைவு வந்தால் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜமால் எந்தப் பங்க்கையும் விடவில்லை. எண்ணெய் தேவையோ இல்லையோ இறங்கி, கழிப்பறை எப்படி, பள்ளிவாசல் உண்டா, டீ எப்படி என்று பார்த்துவிட்டு வந்தார்.

"மச்சான், நீங்க என்ன பங்க் வாங்கப் போறீகளா?"

"தெரிஞ்சு வச்சுக்கணும்ல."

ஹைமாவில் முதல் கூடாரம். பங்க்குக்குப் பின்னால் கற்தரையில் முளை இறங்கவில்லை. சாயங்காலக் காற்று அடுப்பைத் திறந்த மாதிரி வீசியது. கூடாரம் எழுந்து நின்று, காற்றை வாங்கி, ஆஷிக்கோடு சேர்ந்து உருண்டது. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்து பிடித்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"அண்ணே, தமிழா? இதுக்குள்ள படுத்தீங்கன்னா காலைல கருவாடா எடுத்துக்கலாம்ணே."

"கனடாவுல எங்க காக்கா போட்டாரு," என்றார் ஜமால், மூச்சு வாங்கியபடி.

"கனடாவுல ஃப்ரிட்ஜுக்குள்ள போடுறாங்க. இங்க அடுப்புக்குள்ள போடுறீங்க. லாட்ஜ் இருக்கு, போங்க."

டீ ஆற்றிக்கொண்டே அவர் எங்கள் நால்வரையும் பார்த்தார். பிறகு ஜமாலிடம், நான் கேட்கும்படியாகவே, "ஃபேமிலிய ஊருக்கு ஏத்தப் போறீங்களாண்ணே? கடைசியா ஒரு ரவுண்டு காட்டிருவோம்னு வர்றவங்கதான் இந்த ரோட்டுல அதிகம்," என்றார்.

ஜமால், "சீனி கம்மியா போடுங்க தம்பி," என்றார்.

குதிரை போன வழி

இங்கே கொஞ்சம் விலகுகிறேன். சலாலாவின் கடலோரத்தில் ஒரு பழைய துறைமுகத்தின் இடிபாடு இருக்கிறது. சாம்பிராணி ஏற்றுமதியான இடம். அங்கிருந்து குதிரைகளும் இந்தியாவுக்குப் போனதாகப் பழைய பயணிகள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாண்டிய நாட்டுக் கரைக்கும் அரபுக் குதிரைகள் வந்து இறங்கின என்று படித்திருக்கிறேன். அதில் எத்தனை இந்தத் துறைமுகத்துக் குதிரை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. நாலு கால் பிராணியைப் படகில் ஏற்றி, ஆடும் கடலில் அத்தனை நாள் நிற்க வைத்து, கொண்டுபோய் இறக்கிய மனிதர்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள் என்றுதான் இடிபாட்டின் நடுவே நின்று நான் யோசித்தேன். ஐஸ் வாங்கப் போவதாகச் சொல்லியிருப்பார்களோ?

இடிபாடு பார்த்தது ஞாயிறு. மலைக்கு வந்தது சனி. தும்ரைத் என்ற ஊரைத் தாண்டி மலை விளிம்பு வரும்வரை மண்ணும் வானமும் ஒரே நிறம். விளிம்பில் ஏறியதும் கண்ணாடியில் முதல் துளி. ஜமால் வைப்பரைப் போட்டார். அது துபாயில் தூசி துடைத்தே பழகியது, சேறாக இழுத்தது. அப்புறம் திடீரென்று எல்லாம் பச்சை. சாலைக்கு நடுவில் ஒட்டகம் ஒன்று நனைந்துகொண்டு நின்றது. நஸ்ரின் போனைக் கீழே வைத்துவிட்டாள். அது எனக்குத் தெரிந்து முதல் தடவை.

"நல்லாப் பாத்துக்கங்க புள்ளைகளா," என்றார் ஜமால்.

எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை.

மறுபடி திங்கள்

ஐஸ் வாங்கப் போனவர் மதியம் தாண்டித்தான் வந்தார். சட்டை முதுகில் நனைந்திருந்தது. கையில் இளநீர், வாழைப்பழச் சீப்பு. ஐஸ் பெட்டியில் கறி ஏற்கெனவே மெத்தென்று ஆகிவிட்டிருந்தது.

"ஐஸ் எங்க?"

அவர் உண்மையிலேயே விழித்தார். போன காரணமே மறந்துவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது. "கடை சாத்தியிருந்துச்சு."

"இளநீர்க் கடை மட்டும் திறந்திருந்துச்சாக்கும்?"

பிள்ளைகளைச் சோளம் சுடும் வண்டிக்கு அனுப்பினேன். மூடுபனி எங்களுக்கும் அடுத்த கூடாரத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. யாருடைய ஜெனரேட்டரோ இரைந்துகொண்டிருந்தது.

"மச்சான், எங்கள எப்ப ஊருக்கு அனுப்பப் போறீக?"

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"பரீதா லாத்தா வாஷிங் மெஷினைக் கேட்டாக. டீக்கடைக்காரரு கேட்டாரு. ஊருக்கே தெரியுது. ஒரு நாளும் இல்லாத திருநாளா கூடாரம், போட்டோ, 'நல்லாப் பாத்துக்கங்க'. போன் அடிக்கல. ஐஸ் வாங்க மாப்பிள்ளை சட்டை. எனக்கென்ன, கண்ணில்லையா? டிக்கெட் போட்டாச்சா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் துணியைக் கீழே வைத்தார். "லூசு. உங்கள அனுப்பல."

"பின்னே?"

"நாந்தான் போறேன்."

"ஊருக்கா?"

"இங்க." முகவாயால் மலைக்குக் கீழே காட்டினார். துறைமுகம் அந்தத் திசையில் இருக்க வேண்டும். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பிறகு எல்லாம் வந்தது. தேரா முதலாளி தளர்ந்துவிட்டார். மகன் கிடங்கை மூடுகிறான். வருஷக் கடைசிக்குமேல் வேலை இல்லை. அங்கே வேறு இடத்தில் கேட்டால் பாதிச் சம்பளம். சலாலாத் துறைமுகத்தில் ஒரு வியாபாரிக்குக் கிளியரிங் தெரிந்த ஆள் வேண்டும். காலையில் பார்த்துவிட்டு வந்தது அவரைத்தான். ஃபேமிலி விசா இப்போதைக்கு மாஃபி, கிடையாது, ஒரு வருடம் போகட்டும் என்கிறார்.

"உங்க மூணு பேரு விசாவும் என் வேலையோட கட்டியிருக்கு. அது போனா நீங்க ஊருக்குத்தான் போகணும். உன் ஸ்கூல் விசால நீ மாறிக்கிட்டு, பிள்ளைகளையும் உன் பேருல போட்டுக்கிட்டா, வீடு அப்படியே இருக்கும். நஸ்ரின் படிப்பு முடியும்."

"இதை நம்ம வீட்டு சோபால உக்காந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா வேணாம்னுருப்ப. ரோட்டப் பாத்துட்டுச் சொல்லட்டும்னு நெனச்சேன். பாத்தேல்ல? விடியக்காலைல கிளம்புனா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடலாம். கடல் கிடையாது, பிளைட்டுக்குக் காத்துக் கிடக்க வேணாம். ரோடுதான்."

"அதான் பங்க் பங்க்கா இறங்கினீகளா?"

"தனியா வரும்போது தூக்கம் வந்தா எங்க நிறுத்துறதுன்னு பாக்கணும்ல."

நான் தேடிக்கொண்டிருந்தது எங்கள் மூவரின் பெட்டியை. அவருடையதை நினைத்தும் பார்க்கவில்லை. கோபம் வந்ததா, ஆறுதல் வந்ததா என்று நாட்குறிப்பில் இல்லை. எழுத முயன்று அடித்திருக்கிறேன்.

"வேணாம்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"வேணாம்னா வேணாம். இன்னும் வாக்குக் கொடுக்கல."

சோளத்தோடு வந்த நஸ்ரின் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "வாட் ஹேப்பண்ட்? வாப்பாவோட ஐஸ் டேட் என்னாச்சு?" என்றாள். ஆஷிக் தன் சோளத்தை வாப்பாவுக்கு நீட்டினான்.

ஸ்டியரிங்

திரும்பும்போது தும்ரைத்தில் பெட்ரோல் போட்டதும், நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"என்ன?"

"இறங்குங்க. நான் ஓட்டுறேன்."

எனக்கு லைசென்ஸ் உண்டு. அதை வாங்க எத்தனை முறை டெஸ்ட் போனேன் என்பது இந்தத் தொடரில் வராது. அதன்பின் ஓட்டியதெல்லாம் வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு.

"ட்ரக்கு வரும் நூரு. காத்து இழுக்கும்."

"இழுக்கட்டும். உங்களுக்குக் காய்ச்சல்னு ஒரு போன் வந்தா நான் என்ன, பரீதா லாத்தாவையா அனுப்புறது?"

பின்னாலிருந்து பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஜமால் இறங்கிச் சுற்றி வந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முதல் ட்ரக் எதிரில் வந்து கடந்தபோது வண்டி ஒரு பக்கமாக உலுக்கியது. அவர் கலிமா சொன்னார். நானும் சொன்னேன், மனதுக்குள்.

பாதித் தூரத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதை விட்டேன். சாலை அதே கோடு. அப்போதுதான் சொன்னேன்: "ஒரு வருஷம். மிஞ்சிப்போனா நஸ்ரின் பன்னெண்டாவது பரீட்சை முடியிறவரை. அதுக்குள்ள எங்களுக்கு அங்க விசா வரலைன்னா, நீங்க வேலைய விட்டுட்டு வண்டிய இந்தப் பக்கம் திருப்பிடணும். சம்பளம் பாதியானாலும் பரவால்ல."

"சரி."

"சத்தமா சொல்லுங்க. பிள்ளைகள் கேக்கட்டும்."

"சரி, சரி. ரோட்டப் பாரு தாயே."

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் அவருடைய ஓமான் வேலை விசா வந்துவிட்டது. அந்த வேகம் என்னை உறுத்தியது. எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியையின் கணவர் விசா விண்ணப்பம் டைப் செய்யும் கடை வைத்திருக்கிறார். "அவ்வளவு சீக்கிரம் வராது டீச்சர். மொதல்லயே சம்மதம் சொல்லி பாஸ்போர்ட் காப்பி கொடுத்திருப்பாங்க," என்றார். ஓமானிலேயே வேலை பார்க்கும் என் தம்பியோ, "இப்பல்லாம் ஆன்லைன், ஒரு வாரம் போதும்," என்கிறான். ஜமாலைக் கேட்டால், மலையில் சொன்னதையே சொல்கிறார்: உன்னைக் கேட்கும்வரை வாக்குக் கொடுக்கவில்லை.

விசாவில் வழங்கிய தேதி இருக்கிறது. ஒரு மனிதன் சரியென்று சொன்ன தேதியை எந்த நாடும் அதில் அச்சிடுவதில்லை. சலாலா வியாபாரியை நான் இதுவரை இரண்டு முறை சந்தித்திருக்கிறேன். இரண்டு முறையும் அந்தத் தேதியைக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் வந்துவிட்டேன். ஆகவே, அந்தத் திங்கட்கிழமை நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது செல்லுபடியாகியிருக்குமா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.